உப்புக் கரையும் பனிப் பாதையும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தை நெருங்கும்போது, ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் குழந்தை "அம்மா, ஐஸ்!" என்று கூவினால் கோபித்துக் கொள்ளாதீர்கள். உப்பளத்து வரப்பில் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கும் அம்பாரங்களைப் பார்த்தால் பெரியவர்களுக்கே ஒரு விநாடி சந்தேகம் தட்டும். கால் வைத்தால்தான் தெரியும், அது எப்படிப்பட்ட பனி என்று! பாத்தியில் உப்பு வாரிக் கூடையில் சுமந்து வரும் பெண்களின் பாதங்களைப் பாருங்கள். நம் சமையலறை ஜாடியில் இருக்கும் கல்லுப்பின் விலை அங்கேதான் எழுதியிருக்கிறது.

சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. அந்தக் காலத்தில் நெய்தல் நிலத்து உப்பை உள்நாட்டுக்குக் கொண்டு போனவர்கள் உமணர்கள். வரிசை வரிசையாக மாட்டு வண்டிகள். கூடவே மனைவி, மக்கள். நடுவழியில் அச்சு முறிந்தால் என்ன செய்வது? அதற்காக வண்டியின் அடியில் உபரியாக ஓர் அச்சைக் கட்டிக் கொண்டு போனார்கள் என்று புறநானூறு சொல்கிறது. நெடுவழிப் பிரயாணத்தின் முதல் பாடம் இதுதான் போலிருக்கிறது!

பிற்காலத்தில் உப்புக்கு இன்னொரு வழி கிடைத்தது, பக்கிங்ஹாம் கால்வாய். 1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தோன்றிய சிறு கால்வாய், வடக்கே ஆந்திரம் வரைக்கும் தெற்கே மரக்காணம் வரைக்கும் நீண்டது. தாது வருஷப் பஞ்சத்தில், பசியால் வாடிய ஜனங்களைக் கூலிக்கு அமர்த்தி, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டை வெட்டினார்கள். வெட்டியவர்கள் பெயர் யாருக்குத் தெரியும்? 1878-இல் கவர்னர் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு வந்துவிட்டது.

இதில் உப்பும் சவுக்கு விறகும் ஏற்றிப் பட்டணம் போன படகுகளுக்கு எஞ்சின் கிடையாது. காற்று இருந்தால் பாய். ஆழமில்லாத இடத்தில் கழி. இரண்டும் உதவாதபோது ஆட்கள் கரையில் இறங்கி, தோளில் கயிற்றை மாட்டிக் கொண்டு, முன்னே குனிந்து, அடிமேல் அடி வைத்து இழுத்தார்கள். பட்டணம் நூறு கிலோ மீட்டருக்கு மேல்!

மனிதன் செய்த இந்த வேலையை நாய்கள் செய்த தேசம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் அலாஸ்கா. அங்கே குளிர்காலத்தில் கடலே உறைந்துவிடும். கப்பல் வராது. தபால், சாமான், நோயாளி எல்லாமே நாய் வண்டியில்தான். சக்கரமில்லாத வண்டி அது. பனியின்மேல் வழுக்கிக் கொண்டு போகும். வாய்ச் சொல்தான் கடிவாளம்.

1925 ஜனவரியில் நோம் என்ற ஊரில் குழந்தைகளுக்குத் தொண்டை அடைப்பான் கண்டது. ஊருக்கு ஒரே டாக்டர். கைவசம் இருந்த மருந்தோ காலாவதியாகிப் போனது. இன்று முத்தடுப்பு ஊசி போட்டுக் கொண்டு நிம்மதியாக இருக்கும் நமக்கு அந்தத் தாய்மாரின் தவிப்பு புரிவது கடினம். ரயிலில் வந்த மருந்து நெனானா என்ற இடத்தோடு நின்றுவிட்டது. அதற்கப்பால் 674 மைல் பனி! இருபது பேர், சுமார் நூற்றைம்பது நாய்கள், கை மாற்றிக் கை மாற்றி ஐந்தரை நாளில் மருந்தைக் கொண்டு வந்து சேர்த்தார்கள். வழியில் சில நாய்கள் விறைத்துச் செத்தன.

கடைசிக் கட்டத்தில் ஓடி ஊருக்குள் நுழைந்தது பால்ட்டோ என்ற நாய். கேட்பானேன்! அந்த வருஷமே நியூயார்க் பூங்காவில் அதற்குச் சிலை வைத்துவிட்டார்கள். ஆனால் எல்லாவற்றிலும் நீளமான, அபாயமான கட்டத்தை, உறைந்த கடல்மேல் ஓடிக் கடந்தது டோகோ என்ற பன்னிரண்டு வயதுக் கிழ நாய். அதை ஓட்டியவர் லென்ஹார்ட் செப்பாலா. டோகோவுக்கு நியூயார்க்கில் சிலை வர 2001 ஆக வேண்டியிருந்தது. மருந்து சுமந்தவர்களில் பலர் அலாஸ்காவின் பூர்வகுடிகள். பத்திரிகைகள் அவர்களை அப்போது கண்டுகொள்ளவில்லை. சிலை வைப்பவர்களின் கண் எங்கேயும் ஒரே மாதிரிதான்.

பிறகு விமானம் வந்தது. பனியில் ஓடும் மோட்டார் வண்டியும் வந்தது. கிராமத்து நாய்களுக்கு வேலை போயிற்று. இப்படியே விட்டால் நாயும் மறையும், பாதையும் மறையும் என்று கவலைப்பட்டவர்கள் இருவர்: டாரதி பேஜ் என்ற அம்மாளும், ஜோ ரெடிங்டன் என்பவரும். 1967-இல் சிறிய பந்தயம் ஒன்று நடந்தது. 1973-இல் ஏறக்குறைய ஆயிரம் மைல் ஓடும் 'இடிட்டராட்' பந்தயம் ஆரம்பமாயிற்று. முதல் வருஷம் ஜெயித்தவருக்கு இருபது நாள் பிடித்தது. கோடரி, பனிச் செருப்பு, ஒவ்வொரு நாய்க்கும் காலுறை என்று இன்னின்ன சாமான் வண்டியில் இருந்தே தீர வேண்டும் என்பது விதி. நம் உமணரின் உபரி அச்சு ஞாபகம் வருகிறதல்லவா?

வாசகிகளுக்கு ஒரு சந்தோஷச் செய்தி. இந்தப் பந்தயத்தில் பெண்களுக்கென்று தனி வரிசை இல்லை. 1985-இல், எல்லோரும் புயலுக்குப் பயந்து ஒதுங்கியிருந்தபோது, லிபி ரிடில்ஸ் என்ற பெண்மணி நாய்களைப் பூட்டிக் கொண்டு தனியே புறப்பட்டார்; முதலாவதாகவும் வந்தார். அவருக்குப் பின் சூசன் பட்சர் நாலு முறை ஜெயித்தார்.

மறு பக்கமும் உண்டு. பந்தயத்தில் நாய்கள் இறந்திருக்கின்றன. இது கொடுமை, நிறுத்துங்கள் என்று போராடுகிறவர்கள் இருக்கிறார்கள். மருந்து கொண்டுபோக ஓடியது வேறு, பரிசுக்காக ஓடுவது வேறு என்கிறார்கள். மறுக்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் அங்கே ஒரு வழக்கம் மனத்தைத் தொடுகிறது. பந்தயம் தொடங்கியதும் நோம் ஊரில் ஒரு விளக்கை ஏற்றிவிடுகிறார்கள். முதலாவதாக வந்தவர் மாலை மரியாதையெல்லாம் வாங்கி எத்தனை நாளானாலும் சரி, கடைசி வண்டி வந்து சேரும் வரை அது எரியும்.

மரக்காணத்துக்குத் தெற்கே, முப்பது கிலோ மீட்டருக்குள், ஆரோவில். 1968-இல் பல தேசத்து மண்ணைக் கலசத்தில் இட்டுத் தொடங்கிய ஊர். அங்கே 2008-இல் ஒரு நெடுந்தூர ஓட்டம் ஆரம்பித்தார்கள். விடியுமுன் செம்மண் பாதையில், மரங்களுக்கு நடுவே ஓடலாம்; பரிசு மட்டும் கிடையாது. எப்படியோ, முதல்வர் இல்லாவிட்டால் கடைசி ஆளும் இல்லை!

அதே 2008-இல்தான் பக்கிங்ஹாம் கால்வாய் தேசிய நீர்வழி 4-இன் ஒரு பகுதியாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு கம்பீரமாக இருக்கிறது. 1960-களின் புயல்களில் அடிபட்டு, லாரிப் போட்டியில் தோற்றுப்போன கால்வாயிலோ இன்று படகும் இல்லை, கயிறும் இல்லை. இழுத்தவர்களுக்கு ஒரு நினைவுக் கல்கூடக் கண்ணில் படவில்லை.

உப்பளம் பார்க்க நினைப்பவர்கள் மழைக்காலத்தில் போகாதீர்கள், வேலை நடக்காது. கோடையில் விடியற்காலையிலேயே போய்விட வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் வெள்ளையைப் பார்க்கக் கண் கூசும். அந்தப் பெண்கள் அதற்குள் பாதி வேலையை முடித்திருப்பார்கள்.