எட்டு மீட்டர் தொலைவில் ஒரு கண்

சென்ற தை மாதத்தில் ஓரிரவு உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மதுரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். உறவினர் வீட்டில் அறுவடை முடிந்திருந்தது. காரின் பின்பெட்டியில் இரண்டு மூட்டை அரிசி. பின்னிருக்கையில் அப்பா, அத்தை, சித்தி என மூவர். அத்தையை அவர் ஊரில் இறக்கிவிடுவதற்காக, செக்கானூரணிக்கு அருகே கண்மாய்க் கரையை ஒட்டிய கிளைச் சாலையில் திரும்பினோம். எதிரே ஒரு முதியவர் சைக்கிளில் வந்தார். அவர் சைக்கிளில் விளக்கு இல்லை. எங்கள் விளக்கு அவர்மீது பட்டதும் ஒரு கையைத் தூக்கிக் கண்களை மறைத்துக்கொண்டார். சைக்கிள் இரண்டு முறை தள்ளாடியது. பிறகு, அவசரமே இல்லாததுபோல, சாலையோரப் பள்ளத்துக்குள் அவரோடு சேர்ந்து இறங்கியது.

ஓடிப்போய்த் தூக்கினோம். முழங்கையில் சிராய்ப்பு; அவ்வளவுதான். அவர் கோபப்படக்கூட இல்லை. வேட்டியிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார்: “வண்டி வாரது நல்லாத் தெரியுதுப்பா. ரோடுதான் எங்க இருக்குன்னு தெரியல.”

நாங்கள் டிப்பில்தான் வந்தோம் என்று அவரிடம் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அது உண்மை என்றாலும் பள்ளத்தில் விழுந்தவரிடம் சொல்லக்கூடிய உண்மை அல்ல. (எங்கள் இருவரில் யார் ஓட்டினார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அந்த விளக்குக்காகவே அந்தக் காரை வாங்க வேண்டும் என்று நின்றதில் இருவருக்கும் பங்குண்டு.)

அந்த விளக்கைப் பற்றி நாங்கள் பெருமைப்பட்டதும் உண்மை. சாலையில் கிடக்கும் கல், குறுக்கே போகும் கீரி, புளியமரத்தின் பட்டைக் கீறல் எல்லாம் பட்டப்பகல்போலத் தெரிந்தன. அப்பா மட்டும் முதல்நாளே, “இது ரொம்ப வெள்ளையா இருக்கே” என்றார். பழைய காலத்து மனிதரின் பேச்சு என்று அதை விட்டுவிட்டோம்.

அப்பா பல ஆண்டுகள் ஓட்டியது பழைய அம்பாசிடர். அதில் டிப் அடிக்கும் பொத்தான் கிளட்சுக்கு இடப்புறம் தரையில் இருக்கும். இடது காலால் அழுத்த வேண்டும். எதிரே வண்டி வரும்போதெல்லாம் கால் தானாகவே அங்கே போகும் என்பார். அந்தக் காலத்து விளக்குகளின் முகத்தில் கறுப்புப் பொட்டு இருந்ததை வாசகர்கள் பலர் நினைவில் வைத்திருக்கக்கூடும். சந்திப்புகளில் காவலர்கள் வண்டிகளை நிறுத்திக் கறுப்பு வண்ணம் பூசுவார்கள், இல்லையேல் ஒட்டுத்தாள் ஒட்டுவார்கள். அதனால் கூச்சம் எவ்வளவு குறைந்தது என்பது ஐயத்துக்குரியதே. ஆயினும் எதிரே வருகிறவனுக்கும் கண்ணுண்டு என்று வண்டியின் முகத்திலேயே எழுதிவைத்த காலம் அது.

ஹாலஜன் குமிழில் டிப்புக்கு 55 வாட், உயர்கதிருக்கு 60 வாட் என இரண்டு இழைகள். அது தருவது பழுத்த மஞ்சள் ஒளி. இன்றைய எல்இடியின் வெள்ளையோ உண்மையில் வெள்ளை அல்ல. நீல ஒளி தரும் சிறு சில்லின்மீது மஞ்சள் ஒளிரும் பூச்சைப் பூசி, இரண்டையும் கலந்து கண்ணை நம்பவைக்கும் வெள்ளை அது. அந்த நீலத்தைச் சாத்தியமாக்கியதற்காகவே அகாசாகி, அமானோ, நகமுரா என்னும் மூவருக்கு 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்திய பெரும் கண்டுபிடிப்பு. அதில் குறை சொல்ல எங்களுக்குத் தகுதி இல்லை. ஆனால் அதே ஒளி முன்பு ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்திலிருந்து வந்தது. இப்போது கட்டைவிரல் அகலமுள்ள துளையிலிருந்து வருகிறது. ஒளியின் அளவு ஒன்றேயானாலும் சிறிய வாயிலிருந்து வரும்போது அது கண்ணைக் குத்துகிறது. போதாததற்கு வண்டிகள் உயரமாகிவிட்டன. விளக்குகளும் அவற்றோடு சேர்ந்து மேலேறிவிட்டன.

கண்ணைப் பற்றி மதுரைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1976இல், பணி ஓய்வுக்குப் பிறகு, டாக்டர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் இது. கண்ணுக்குள் பொருத்தும் வில்லையை 1992 முதல் ஆரோலேப் இங்கேயே செய்து வருகிறது. அப்பாவும் புரை நீக்கிக்கொண்டவர்தான். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் இரவில் எதிர்விளக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டோம். “முள்ளு முள்ளா வெடிக்கும். அதுக்குப் பின்னாடி ஒண்ணுமே இருக்காது” என்றார். தெளிந்த வில்லை ஒளியை ஒழுங்காக உள்ளே விடுகிறது. புரை விழத் தொடங்கிய வில்லை அதைச் சிதறடிக்கிறது; சிதறிய ஒளி வெண்திரைபோல விழித்திரை முழுவதும் படர்ந்து, பார்க்க வேண்டியதை மூடிவிடுகிறது. அது விலகி இருட்டு மறுபடி பழகச் சில நொடிகள் ஆகும். வயதானவர்களுக்கு இன்னும் கூடுதலாகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி ஒரு நொடிக்கு 17 மீட்டர் நகர்ந்துவிடும். புரை முற்றும்வரை பொறுத்திருந்துவிட்டு மருத்துவமனைக்குப் போகும் எத்தனை பேர் இந்தச் சமவெளியின் சாலைகளில் இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பிக்கொண்டிருக்கிறார்கள்! அந்தச் சைக்கிள்காரர் அவர்களில் ஒருவரா என்று கேட்டிருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

பகல் விளக்குகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஐரோப்பாவில் 2011 முதல் புதிய கார் வகைகளுக்கு அவை கட்டாயமாயின. அங்கே குளிர்காலப் பகலே மங்கல்தான். சித்திரை வெயிலில் மாட்டுத்தாவணியில் நிற்கும் காருக்கு அவை புருவ மை. நம் நாட்டில் 2017 ஏப்ரலிலிருந்து புதிய இருசக்கர வாகனங்களுக்கு முகப்பு விளக்கு எப்போதும் எரிவதே விதி. எங்கள் குறையெல்லாம் இரவைப் பற்றியது.

அதற்கும் மருந்து கண்டிருக்கிறார்கள். ஆடி நிறுவனம் 2013இல் கொண்டுவந்த ‘மேட்ரிக்ஸ்’ விளக்கு எதிர்வண்டியைக் கேமராவால் அறிந்து, அந்த வண்டி இருக்கும் துண்டை மட்டும் இருட்டாக்கிக்கொள்ளும். அமெரிக்கா 2022இல்தான் இத்தகைய விளக்கை அனுமதித்தது. மிக அழகான ஏற்பாடு. ஆனால் அந்தக் கேமரா எதிர்வண்டியை முக்கியமாக அதன் விளக்கைக்கொண்டே அடையாளம் காண்கிறது. விளக்கு வைத்திருப்பவனுக்கே அந்த மரியாதை! தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில் நத்தம் சாலையிலும் திண்டுக்கல் சாலையிலும் பழனிக்கு இரவெல்லாம் நடப்பவர்களின் முதுகுப்பையில் காவலர்கள் மினுங்கும் பட்டையை ஒட்டிவிடுகிறார்கள். பின்னால் வரும் வண்டி அவர்களைப் பார்த்துக்கொள்ள அது போதும். எதிரே வரும் வண்டியால் அவர்கள் கண் கூசாமலிருக்க அது எதுவும் செய்யாது. நான்குவழிச் சாலையின் நடுவே வளர்த்திருக்கும் அரளியும் காரோட்டியைக் காரோட்டியிடமிருந்து காப்பதற்கே. நடப்பவர் அரளிக்கு இந்தப் பக்கம், ஓரத்தில் இருக்கிறார்.

வீடு திரும்பியபின், குற்றத்திலிருந்து தப்பிக்கும் நோக்கத்தோடுதான், சட்டத்தைப் புரட்டினோம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதி முகப்பு விளக்கின் கூச்சத்தைப் பேசுகிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தொலைவில், அதற்கு வலப்புறம் அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச்செய்யாதபடி கதிர் கீழ்நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டுமாம். வறண்ட சட்ட மொழிக்குள் ஒருவர் சாலையோரத்தில் நின்றுகொண்டு எங்களைப் பார்ப்பதைக் கண்டதும் சற்றுத் திடுக்கிட்டோம். ஒன்றரை மீட்டர் என்பது ஏறக்குறைய சைக்கிளில் வரும் ஒருவரின் கண் உயரம்தான்.

மறுநாளிரவு அதே மூட்டைகளைப் பின்பெட்டியில் வைத்து, சித்தியையும் பக்கத்து வீட்டு இளைஞர்கள் இருவரையும் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு, ஊருக்கு வெளியே ஆளில்லாத நேர்சாலை ஒன்றில் காரை நிறுத்தினோம். அப்பா இறங்கி முன்னால் நடந்தார். எட்டு மீட்டரில் திரும்பி நின்றார். டிப் ஒளியின் மேல்விளிம்பு அவர் இடுப்புக்குக் கீழேயே நின்றது. சட்டப்படி நாங்கள் குற்றமற்றவர்கள். “இன்னும் போகட்டுமா?” என்று கேட்டுவிட்டு மேலும் நடந்தார். இருபது மீட்டரில் ஒளி வயிற்றுக்கு ஏறியது. முப்பதைக் கடந்தபோது மார்புக்கு. ஐம்பதை நெருங்கியபோது கையைத் தூக்கிக் கண்களை மறைத்துக்கொண்டார். முந்தைய நாளிரவு பார்த்த அதே கை.

பின்புறம் பாரமேறினால் காரின் மூக்கு நிமிரும். கதிர் ஒரு டிகிரி உயர்ந்தால் போதும், ஐம்பது மீட்டரில் அது 87 சென்டிமீட்டர் மேலேறிவிடும். இதற்காகவே ஸ்டியரிங்குக்கு வலப்புறம், 0 முதல் 3 வரை எண்ணிட்ட சிறு சக்கரம் ஒன்று எங்கள் காரில் இருக்கிறது. ஆறு மாதங்களாக நாங்கள் அதைத் தொட்டதே இல்லை. ஏசிக்கு உரியது என்று எங்களில் ஒருவர் நினைத்திருந்தார். அதை 1க்குத் திருப்பினோம். கை இறங்கவில்லை. 2. பிறகு 3. ஒளி அவர் முகத்திலிருந்து கழுத்துக்கு, மார்புக்கு, வேட்டிக்கு வழிந்து இறங்கியது. காருக்குள்ளிருந்து பார்த்த எங்களுக்கு அப்பாவின் முகம் தெரியவில்லை. வேட்டியின் கரையும் செருப்புக் கால்களும் மட்டுமே தெரிந்தன.

இருட்டுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

“இப்ப ரோடு தெரியுது.”