எளிய பக்கங்களைத் தேடுங்கள்

ஆங்கிலம் கற்பவர்களில் தொடக்க நிலையில் இருப்பவர்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. வாராவாரம் முன்னேற்றம் அவர்கள் கண்ணுக்கே தெரியும். அதற்கு அடுத்த கட்டம்தான் கடினம். இலக்கணம் ஓரளவு பிடிபட்டிருக்கும். ஆனால் செய்தித்தாளில் தலையங்கத்தைப் பாதிக்கு மேல் படிக்க முடியாது. சொல்ல வேண்டியது மனதில் இருக்கும், சொல் வராது. நான் நடத்தும் மாலை வகுப்புக்கு வருபவர்களில் பெரும்பாலோர், தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரிக்கோ வேலைக்கோ போனவர்கள், இந்த இடத்தில்தான் தேங்கி நிற்கிறார்கள்.

தேங்கியதும் பலர் நடைபாதைக் கடையில் நார்மன் லூயிஸின் ‘வேர்ட் பவர் மேட் ஈஸி’ நூலை வாங்குகிறார்கள். 1949இல் வெளிவந்த நல்ல நூல். ஆனால் ஆங்கிலத்தில் ஏற்கெனவே புழங்குபவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. தொடக்கப் பாடத்திலேயே மிஸன்த்ரோப், மிஸாகமிஸ்ட் என்று வந்துவிடும். அவற்றை மனப்பாடம் செய்த மாணவர், ‘கூட்டம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போய்விட்டது’ என்று ஆங்கிலத்தில் சொல்லத் திணறுகிறார். உழைப்பில் குறையில்லை. அந்த உழைப்பு போய்ச் சேரும் இடம்தான் சரியில்லை.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு டாக்காவில் ஆசிரியப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட் இதே சிக்கலைக் கண்டார். வங்காளச் சிறுவர்களின் ஆங்கிலப் பாடநூல்களில் அரிய சொற்கள் நெருக்கியடித்து நின்றன. அவற்றை விலக்கி, அன்றாடச் சொற்களைக் கொண்டு அவர் புதிய வாசிப்பு நூல்களை எழுதினார். 1953இல் அவர் தொகுத்து வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2000 சொற்கள் உள்ளன. சாதாரண ஆங்கில உரைநடையில் சுமார் 80 சதவீதம் இவற்றுக்குள் அடங்கிவிடும்.

கேட்க நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் மீதி 20 சதவீதம் என்றால் ஐந்து சொல்லுக்கு ஒன்று தெரியாது. பத்துச் சொல் கொண்ட வரியில் இரண்டு இடத்தில் தடுக்கும். அகராதியின் துணையின்றி நாவலோ செய்தித்தாளோ படிக்க 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு 8000 முதல் 9000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்று நியூசிலாந்து அறிஞர் பால் நேஷன் 2006இல் கணக்கிட்டார். டிசைட், டிசிஷன், டிசைஸிவ் எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம். இடைநிலை மாணவர் கடக்க வேண்டிய தூரம் இதுதான். பட்டியலை உருப்போட்டு இவ்வளவு தூரம் போக முடியாது. ஒரே சொல்லைப் பல இடங்களில், பல வாக்கியங்களில் திரும்பத் திரும்பச் சந்திக்க வேண்டும். அதற்கு நிறையப் படிக்க வேண்டும். நிறையப் படிக்க, படிப்பது எளிதாக இருக்க வேண்டும்.

அதனால் என் மாணவர்களிடம் ஒன்றைத்தான் வற்புறுத்துகிறேன்: ஒரு பக்கத்தில் தெரியாத சொற்கள் ஐந்தாறுக்கு மேல் போனால் அந்தப் புத்தகத்தை இப்போதைக்கு வைத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக ஆர்.கே. நாராயணின் ‘சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ போன்ற நாவலை எடுங்கள். அது 1935இல் வந்தது. வாக்கியங்கள் பெரும்பாலும் சிறியவை. திங்கட்கிழமைப் பள்ளி, பாட்டியின் மடி, கிரிக்கெட் குழு எல்லாம் நமக்குத் தெரிந்த உலகம். சூழல் பழகியதாக இருந்தால் தெரியாத சொல்லின் பொருள் பெரும்பாலும் தானாகப் பிடிபடும்.

அப்படிப் பிடிபட்ட சொல்லைத் தக்கவைப்பது அடுத்த வேலை. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள் என்று எழுதும் நோட்டு இதற்குப் போதாது. என் வகுப்புப் பெண் ஒருத்தி பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சீட்டுகளாக வெட்டிவைத்திருக்கிறாள். எழுத்தில்லாத பக்கத்தில், படித்த வாக்கியத்தை முழுதாக எழுதி, கற்க வேண்டிய சொல்லுக்கு மட்டும் கோடிட்டு இடம் விடுகிறாள். விடை ஓரத்தில் பொடியெழுத்தில் இருக்கும். சீட்டுகளை, அறை அறையாகப் பிரித்த ஒரு செருப்புப் பெட்டியில் வைக்கிறாள். சரியாகச் சொன்ன சீட்டு அடுத்த அறைக்குப் போகும். அங்கே அது சில நாள் கழித்துத்தான் மறுபடி கைக்கு வரும். தவறினால் முதல் அறைக்கே திரும்பும். ஜெர்மன் மொழியில் எழுதிய செபாஸ்டியன் லைட்னர் 1972இல் தம் நூலில் விளக்கிய முறை இது. மறக்கப்போகும் நேரத்தில் முயன்று நினைவுகூரும் சொல்தான் மனதில் ஊன்றும்.

வாக்கியத்தோடு எழுதுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. மழைக்கு ‘ஹெவி’, டீக்கு ‘ஸ்ட்ராங்’, முடிவுக்கு ‘மேக்’ என்று எந்தச் சொல் எதனோடு சேரும் என்பதும் கூடவே பதிகிறது. கெட், டேக், புட், ரன் போன்ற சிறு வினைகளின் பல பயன்பாடுகளும் இப்படித்தான் வசமாகின்றன. கிரிக்கெட்டில் கேட்டுக் கேட்டுப் பழகிய ‘ரன் அவுட்’, வீட்டில் பால் தீர்ந்ததற்கும் வரும் என்பதை எந்தப் பட்டியலைவிடவும் ஒரு கதை நன்றாகக் கற்றுத்தரும்.

நம் கல்லூரி நூலகங்களில் தடித்த அகராதிகள் இருக்கின்றன. சொல்லளவு பார்த்துப் படிப்படியாக எழுதப்பட்ட எளிய கதைநூல்கள் அரிதாகவே இருக்கின்றன. ஓர் அலமாரி அவற்றுக்கென்று ஒதுக்கப்பட வேண்டும். கல்லூரிக்கு வந்தபிறகும் சின்னப் பிள்ளைகளின் கதையா என்று எந்த மாணவரும் கூச வேண்டியதில்லை. புரிந்து, ரசித்து, அடுத்த பக்கத்தைப் புரட்டுகிற ஒவ்வொருவரும் தலையங்கத்தை முழுதாகப் படிக்கும் நாளை நெருங்கிக்கொண்டிருக்கிறார்.