மூன்றாவது தெரிவு

சோழர் வரலாற்றுக்கு நான் தயாரித்த ஸ்லைடுகளை மாணவர்கள் பிரவுசிங் சென்டரில் திறந்து படிக்க வேண்டும் என்பது 2000-களின் தொடக்கத்தில் எனக்கிருந்த பெரிய ஆசை. எல்லாக் கணினியிலும் பவர்பாயின்ட் இருக்காது, பிரவுசர் இருக்கும். அதனால் வலைப்பக்கமாகச் சேமித்துக் கொடுத்தேன்.

பவர்பாயின்ட் 2000 அப்போது எந்த பிரவுசருக்கு என்று கேட்கும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4-உம் அதற்குப் பிந்தியதும் என்றால் அனிமேஷன்கூட ஓடும். எக்ஸ்ப்ளோரர், நெட்ஸ்கேப் இரண்டிலும் பதிப்பு 3 முதல் என்றால் ஸ்லைடு வெறும் படமாகிவிடும். மூன்றாவது தெரிவு, இரண்டையும் சேர்த்து வைப்பது. கோப்பு பெருத்துவிடும், 1.44 எம்.பி. ஃப்ளாப்பியில் பாடம் கொடுத்த காலத்தில் அது பெரிய விஷயம். ஆனாலும் மூன்றாவதையே எடுத்தேன். காரணம், தமிழ்.

யூனிகோடு அப்போது பரவியிருக்கவில்லை. நான் தட்டச்சு செய்த ஃபான்ட் இல்லாத கணினியில் 'கங்கைகொண்ட சோழபுரம்' என்ற தலைப்பு, மேலே புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக நிற்கும். படத்துக்கு ஃபான்ட் வேண்டாம். படமாகத் திறந்த இடத்திலெல்லாம் தமிழ் தமிழாகவே தெரிந்தது.

படமானால் அனிமேஷன் போய்விடும். ராஜராஜன் காலத்து எல்லை மறைந்து, அதே இடத்தில் 1014-க்குப் பிறகான ராஜேந்திரன் காலத்து எல்லை விரிவதாக ஒரு ஸ்லைடு வைத்திருந்தேன். படத்தில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. எது யாருடையது என்று எனக்கே சட்டெனத் தெரியவில்லை. அதிலிருந்து, அசையாமல் நின்றாலும் புரிகிற மாதிரிதான் ஸ்லைடு போடுகிறேன். இரண்டு காலம் என்றால் இரண்டு ஸ்லைடு. வகுப்பிலும் அதுவே நல்லதாயிற்று. குறிப்பெடுக்கிற பிள்ளைகளுக்கு நேரம் கிடைத்தது.

(வலைப்பக்கக் கோப்போடு அதன் பெயரையொட்டி ஒரு ஃபோல்டரும் உருவாகும். அதை விட்டுவிட்டுக் கோப்பை மட்டும் மெயிலில் அனுப்பினால் பாடம் போய்ச் சேராது. ஜிப் செய்துதான் அனுப்புவோம்.)

பவர்பாயின்ட் 2010-இல், வலைப்பக்கமாகச் சேமிக்கும் இந்த வசதி மெனுவிலிருந்தே போய்விட்டது. 2022-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கும் விடைகொடுத்தாயிற்று. பழைய ஃபோல்டர்களைத் திறந்தால் படங்கள் இன்றும் பளிச்சென்று தெரிகின்றன. படம்தான் நிலைக்கும் என்ற முடிவுக்கே வந்திருப்பேன், பார்வையற்ற மாணவி ஒருவர் வகுப்புக்கு வராமல் இருந்திருந்தால். அவருடைய ஸ்கிரீன் ரீடருக்கு அந்தப் படங்களில் படிக்க ஒன்றுமே இல்லை. அவருக்கு உதவியது, மூன்றாவது தெரிவில் படத்தோடு சேர்ந்து வந்த, ஃபான்ட் இல்லாமல் குப்பையாகத் தெரிந்த அந்த எழுத்துப் பாதிதான். அதை எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கியதும் ஒரு வரி விடாமல் கேட்டுவிட்டார்.

இப்போது யூனிகோடில் எழுதி, பி.டி.எஃப். ஒன்றும் மூலக் கோப்பும் சேர்த்தே கொடுக்கிறேன். ஒவ்வொரு வரைபடத்துக்கும் கீழே எல்லை எங்கிருந்து எங்கே போகிறது, எந்த ஆற்றைத் தாண்டுகிறது என்று சில வரிகள். ஸ்லைடு போடுவதைவிட அதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கிறது. அந்த நேரத்தைக் குறைக்க எனக்கு மனமில்லை.