அரிச்சல்முனைப் பருந்துக் கணக்கு

மார்ச் 22, 2025, சனி. கந்தமாதன பர்வதம்

பர்வதம் என்று பெயர்தான் பெரிது. வயதானவர்களும் அதிகம் மூச்சு வாங்காமல் ஏறிவிடுகிறார்கள். ஆனாலும் ராமேஸ்வரம் தீவில் இதைவிட உயரமான மேடு கிடையாது. ராமர் பாதத்தைக் கும்பிட வருகிறவர்கள் மண்டபத்து மாடிக்கு வந்து நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். தென்கிழக்கு மூலையில் பைனாகுலரும் நோட்டுமாக ஒருவன் உட்கார்ந்திருப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த ஊரில் விரதக்காரர்களும் வேண்டுதல்காரர்களும் எப்படி எப்படியோ உட்கார்ந்திருப்பார்கள்; அதில் நானும் ஒருத்தன்.

வரைபடத்தைப் பார்த்து வந்த ஆசை இது. இலங்கையில் குளிர்காலம் கழித்த வேட்டைப்பறவைகள் பங்குனியில் வடக்கே திரும்பியாக வேண்டும். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே கடல் சுமார் 30 கிலோமீட்டர்தான். அதிலும் இடையிடையே ராமர் பாலத்து மணல் திட்டுகள். ஜிப்ரால்டர் நீரிணை 14 கிலோமீட்டர். அங்கே ஒவ்வொரு பருவத்திலும் லட்சக்கணக்கில் பருந்துகளும் கழுகுகளும் கடக்கின்றன. செங்கடலைச் சுற்றிக்கொண்டு ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பும் கூட்டத்தை இஸ்ரேலின் ஏலாத் மலைமுகடுகளில் உட்கார்ந்து எண்ணியவர்கள், 1985ஆம் ஆண்டு வசந்தத்தில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியென்றால் நம் தீவிலும் ஏதாவது இருக்க வேண்டுமே?

இன்றைய நோட்டில் இருப்பது செம்பருந்து, செம்பருந்து, மறுபடி செம்பருந்து. எல்லாம் ஊர்க்காரர்கள். கோயில் பக்கம் கள்ளப்பருந்துகள். வலசைக் கணக்கில் சேர்க்க ஒன்றும் இல்லை.

மார்ச் 23, ஞாயிறு. அரிச்சல்முனை

வண்டி விடுகிற நேரத்துக்கே வந்துவிட்டேன். 2017இல் சாலை போட்ட பிறகு தனுஷ்கோடியைத் தாண்டி இந்த முனைவரை வருவது சுலபம். வந்தபின் தனியாக நிற்பதுதான் கஷ்டம். வலப்பக்கம் ஆண் கடல், இடப்பக்கம் பெண் கடல், நடுவில் மாங்காய் விற்பவர்.

எட்டரை வாக்கில் தென்கிழக்கிலிருந்து அலைக்கு மேல் ஆளுயரத்தில் ஒரு வெளுத்த பறவை. நாலைந்து முறை இறக்கை அடிக்கும், பிறகு இறக்கைகளை மேல்நோக்கிச் சரித்து வைத்துக்கொண்டு சறுக்கும், மறுபடி அடிக்கும். இறக்கை நுனியில் மட்டும் ஆப்புப்போலக் கறுப்பு. இறக்கையின் குறுக்கே கறுப்புக் கோடு இல்லாததால் மாண்டேகு பூனைப்பருந்து இல்லை. வெளிர் பூனைப்பருந்து, ஆண். கரையைத் தொட்டதும் தடுப்புக் கற்களுக்கு அப்பால் மணலில் இறங்கிவிட்டது. அலகு திறந்தே இருந்தது. இறக்கை இரண்டும் தொங்கி மணலைத் தொட்டன. மஞ்சள் கண் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஒரு காலைத் தூக்கி, நகங்களை விரித்து, மடக்கி, மறுபடி ஊன்றியது. அதற்குள் இரண்டு காக்கைகள் கண்டுபிடித்துவிட்டன. வாலைப் பிடித்து இழுக்கிற அளவுக்கு அவை நெருங்கியதும் எழும்பி, கோதண்டராமர் கோயில் பக்கமாகத் தாழ்வாகவே போய் மறைந்தது. இனி கஜகஸ்தான் பக்கத்துப் புல்வெளிவரை போக வேண்டும்.

கூட்டம் ஏன் இல்லை என்பதற்கும் இந்தப் பறவையிடமே பதில் இருக்கிறது. அகலமான இறக்கை கொண்ட பெரிய கழுகுகள் நிலத்திலிருந்து எழும் வெப்பக் காற்றில் சுழன்று ஏறி, அடுத்த வெப்பக் காற்றுவரை சறுக்கியே பயணம் போகிறவை. கடல்மேல் அந்த ஏணி கிடைப்பது அபூர்வம். அதனால்தான் அவை குறுகிய நீரிணைகளைத் தேடி ஒரே இடத்தில் குவிகின்றன. பூனைப்பருந்துக்கு நீண்டு ஒடுங்கிய இறக்கை. அடித்துப் பறந்தே கடலைத் தாண்டிவிடும். அதற்கு அரிச்சல்முனை கட்டாயமில்லை. தொண்டிக்கு நேராகவும் வரலாம், கோடியக்கரைக்கும் போகலாம். தவிர, ஜிப்ரால்டருக்குத் தெற்கே ஆப்பிரிக்கா என்ற ஒரு கண்டமே இருக்கிறது. நமக்குத் தெற்கே ஒரு தீவு. அதோடு பாதை முடிகிறது. வடக்கிலிருந்து இறங்கும் பெரிய கழுகுகளில் பெரும்பாலானவை அவ்வளவு தூரம் வருவதே இல்லை. புனலின் வாய் சரியாகத்தான் இருக்கிறது. ஊற்றத்தான் சரக்கு இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

பாம்பன் புதிய ரயில் பாலத்தைப் பிரதமர் திறக்கிறார். தீவெங்கும் போலீஸ். பைனாகுலரோடு மேட்டில் ஏறுகிற நாள் இதுவல்ல.

வீட்டில் படிப்பு. திருநெல்வேலிப் பக்கம் அட்ரீ ஆய்வு நிறுவனத்தார் பூனைப்பருந்துகளை வேறு மாதிரி எண்ணுகிறார்கள். பகலில் வெட்டுக்கிளியும் ஓணானும் தேடித் தனித்தனியாகத் திரியும் இவை, பொழுது சாய்ந்தால் ஒரே புல்வெளியில் தரையிலேயே கூடி அடைகின்றன. அடைகிற இடத்தில் நின்று எண்ணினால் கணக்கு கைக்கு வந்துவிடுகிறது. அந்தக் கணக்கு குறைந்துகொண்டு வருகிறது என்பதுதான் அவர்கள் சொல்லும் செய்தி. புல்வெளியைத் தரிசு என்று எழுதிவைக்கும் நம் வருவாய்ப் பதிவேடுகளுக்கும் இதில் பங்குண்டு என்பது என் கட்சி.

ஏப்ரல் 19, சனி. கம்பிப்பாடு

தடைக்காலம் தொடங்கி நாலு நாள். ஏப்ரல் 15 முதல் 61 நாளைக்கு விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன்கழிவு குறைந்ததால் செம்பருந்துகள் எல்லாம் கரைவலைக்காரர்களின் தலைக்கு மேல் வட்டம் போடுகின்றன.

வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் கேட்டார்: “என்ன தம்பி, மேலயே பாத்துக்கிட்டு நிக்கிறிய?”

“பருந்து எண்ணுறேன்யா.”

“கருடனா? அது இங்கனயே கெடக்குமே.”

“அக்கரையிலேர்ந்து வர்றதுய்யா.”

“இனிமே எங்க? சோழகம் எழும்பிருச்சுல்ல. காத்து பின்னாலேர்ந்து தள்ளும், ஒசக்கப் போயிரும். இங்க எறங்காது.”

தெற்கத்திக் காற்று முதுகில் இருக்கும்போது களைப்பில்லை. களைப்பில்லாத பறவை முனையில் ஏன் இறங்கப்போகிறது? மார்ச் 23 காலையில் காற்று எந்தப் பக்கம் என்று நோட்டைப் புரட்டினேன். வடகிழக்கு. எதிர்க்காற்று. இனி ஒவ்வொரு பதிவிலும் பறவைக்கு முன்னால் காற்றை எழுத வேண்டும்.

மதியம் உப்புத் தரவையில் சாம்பல் இறகுகள் சிதறிக் கிடந்தன. நடுவே மார்பு செம்மை ஏறத் தொடங்கிய ஓர் உப்புக்கொத்தியின் மிச்சம். சற்றுத் தள்ளி ஒரு கம்பத்தில் பைரி, சைபீரியத் துந்திரப் பிரதேசத்து வெளிறிய வகை, அலகைக் கம்பத்தில் தேய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தது. வடக்கே போகவேண்டிய ஒன்று, வடக்கே போகவிருந்த இன்னொன்றைத் தின்றிருக்கிறது. நோட்டில் ஒரு கோடுதான் போட முடியும்.

ஜூன் 5, வியாழன்

தனுஷ்கோடியில் பூநாரைச் சரணாலயம் என்று அரசு அறிவித்திருக்கிறது. சுமார் 525 ஹெக்டேர். நல்ல காரியம். பூநாரை பெயரில் காக்கப்படும் சதுப்பில் பைரிக்கும் சாப்பாடு உண்டு. அக்கரையில் மன்னாரின் வங்காலைச் சரணாலயம் 2010இலேயே ராம்சார் தலமாகிவிட்டது. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் ஒரு கடற்காக்கைக்கு ஜிபிஎஸ் கட்டி, அது ரஷ்யாவின் ஆர்க்டிக் கரைவரை போனதைப் பின்தொடர்ந்தும் இருக்கிறார்கள்.

இரு கரையிலும் எண்ணுகிற ஆட்கள் இருக்கிறார்கள். நடுவே 1974, 1976 ஒப்பந்தங்கள் கிழித்த கடல் எல்லை. பூனைப்பருந்து அதை ஒரு மணி நேரத்துக்குள் தாண்டிவிடுகிறது. ஆனால் தலைமன்னாரில் புறப்பட்டது அவர்கள் பட்டியலில், முனையில் இறங்கியது நம் பட்டியலில். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஏற்பாடு வேண்டும். உயரத்தில் போவதால் நான் தவறவிடும் பறவையை, அங்கே எழும்பும்போதே ஒருவர் பார்த்துவிடலாம். அவர் புறப்பட்ட நேரம் எழுதினால் போதும், கடக்கிறவற்றில் எத்தனை என் கண்ணில் படவில்லை என்று தெரிந்துவிடும். அடுத்த பங்குனிக்குள் மன்னார்ப் பக்கம் ஓர் ஆளைப் பிடித்து, ஒரே நாள், ஒரே நேரம் என்று பேசிவைக்க வேண்டும். நேரம் பார்ப்பதில் குழப்பம் வராது. இரண்டு நாட்டுக் கடிகாரமும் ஒன்றுதான்.