ஆயில் சம்ப்பும் மஞ்சள் விளக்கும்

கரிசல் மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. மழை பெய்தால் ஊதும், வெயில் அடித்தால் வெடிக்கும். அதன் மேல் போட்ட தார் ரோடும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். அருப்புக்கோட்டையை ஒட்டியுள்ள பாளையம்பட்டியிலும் திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களிலும் கார் ஓட்டுகிறவர்கள், முன்னால் தெரியும் பாதையை விட காரின் அடிவயிற்றைத்தான் அதிகம் நினைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும்.

போதாததற்கு வேகத்தடை வேறு. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி ஒரு வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் கார் படகு மாதிரி ஏறி இறங்கிவிடும். ஆனால் ஊருக்குள் ராவோடு ராவாக முளைக்கும் வேகத்தடைக்கு உயரம் மட்டும்தான் இருக்கும், அகலம் இருக்காது!

பாளையம்பட்டியைச் சேர்ந்த ஒரு இளைஞரின் கார் அப்படி ஒரு தடையில்தான் அடி வாங்கியது. அவர் வாடகைக்கு ஓட்டுபவர். வீட்டில் இருந்த நகையை அடகு வைத்து, பழைய வெளிநாட்டுக் கம்பெனி டீசல் கார் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கியிருந்தார். நிறைய ஆட்கள், டிக்கி நிறைய சாமான், இருட்டு, வெள்ளைக் கோடு அடிக்காத தடை. 'டங்' என்று ஒரு சத்தம். இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தால், கருப்பு எண்ணெய் ரோட்டில் கோலம் போட்டிருந்தது. நல்ல வேளை, உடனே என்ஜினை அணைத்துவிட்டார்.

உடைந்தது ஆயில் சம்ப். என்ஜினுக்குக் கீழே இருக்கும் தொட்டி அது. சாதாரண நான்கு சிலிண்டர் காரில் ஏறக்குறைய 4 லிட்டர் ஆயில் அதில்தான் தங்கும். பம்ப் அதை உறிஞ்சி மேலே அனுப்பும், அது எல்லா இடமும் சுற்றிவிட்டு மறுபடி கீழே வந்து விழும். தகரச் சம்ப் அடிபட்டால் நசுங்கும். அலுமினியச் சம்ப் நசுங்காது, விரிந்துவிடும். இது அலுமினியம்.

மதுரையில் ஒரு ஸ்பேர் கடையில் வெளி மார்க்கெட் சம்ப் கிடைத்தது. ஒரிஜினலின் பாதி விலைதான். சந்தோஷமாக வாங்கிக்கொண்டு வந்து மெக்கானிக்கிடம் கொடுத்தார். மெக்கானிக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இதுல சென்சாருக்கு ஓட்டையே இல்லையே?"

"அது எதுக்குண்ணே? டிப் ஸ்டிக்தான் இருக்குல்ல?"

"பழைய சம்ப்புல அடியில இருந்துச்சு பாரு, மூணு போல்ட் போட்டு. அதை எங்க மாட்டுறது?"

"வயரை அப்படியே கட்டி விட்டுருங்கண்ணே. லைட்டுதானே எரியும்? கருப்பு டேப் ஒட்டிக்கிறேன்."

மெக்கானிக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாளைக்கு முகூர்த்தம், வண்டி ஓடணும்ங்கிறது எனக்கும் தெரியும் தம்பி. ஆனா இதை மாட்டித் தர மாட்டேன்" என்றார்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, அந்தச் சென்சார் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

கார்களில் ஆயில் சம்பந்தமாக இரண்டு எச்சரிக்கைகள் இருக்கலாம். எல்லாக் கார்களிலும் இருப்பது சிவப்பு விளக்கு. அது ஆயில் அழுத்தத்துக்கானது. அதாவது பம்ப்புக்கு ஆயில் கிடைக்காமல், பேரிங்குகளுக்கு ஆயில் போகாமல் நின்ற பிறகுதான் எரியும். வீட்டில் தீப்பிடித்த பிறகு அடிக்கும் மணி மாதிரி. அளவு குறையத் தொடங்கும்போதே சொல்வது இன்னொன்று, மஞ்சள் விளக்கு. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஆடி போன்ற கம்பெனிகளின் பல மாடல்களில் இது உண்டு. இதற்குத் தகவல் கொடுப்பதுதான் சம்ப்பின் அடியில் இருக்கும் அளவு சென்சார்.

இது வேலை செய்யும் விதம் சுவாரஸ்யமானது. பல சென்சார்களுக்குள் ஒரு சிறிய பாகம் மின்சாரத்தால் சூடாகும், பிறகு ஆறும். ஆயிலுக்குள் மூழ்கியிருந்தால் சீக்கிரம் ஆறும். காற்றில் இருந்தால் மெதுவாக ஆறும். ஆற எடுத்துக்கொள்ளும் நேரத்தை வைத்து ஆயில் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று கணக்கிடுகிறது. பின்னால் வந்த சில வகைகள் ஒலி அலையை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை அளக்கின்றன. நம் ஊரில் கிணற்றுக் கயிறு எத்தனை முழம் நனைந்திருக்கிறது என்று பார்த்துத் தண்ணீர் அளவைச் சொல்வார்கள் அல்லவா? டிப் ஸ்டிக் அந்தக் கயிறு. சென்சார், கிணற்றுக்குள்ளேயே இருந்து எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்கும் ஆள்.

2000-களின் நடுவில் பி.எம்.டபிள்யூ தன் புதிய ஆறு சிலிண்டர் என்ஜினில் டிப் ஸ்டிக்கையே எடுத்துவிட்டது. அந்த மாதிரி கார்களில் சென்சார் ஒன்றே சாட்சி. அதன் வாயைக் கட்டினால் கேட்க வேறு ஆள் கிடையாது.

சரி, வயரைக் கழற்றி விட்டால் என்ன ஆகும்? மஞ்சள் விளக்கு எந்நேரமும் எரியும். இரண்டு நாள் உறுத்தும். மூன்றாம் நாள் கண் பழகிவிடும். எப்போதும் எரிகிற விளக்கும் எப்போதும் எரியாத விளக்கும் ஒன்றுதான். ரெசிஸ்டர் வைத்து ஏமாற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். இந்தச் சென்சார் அனுப்புவது விட்டுவிட்டு வரும் துடிப்புகள், அதனால் அந்த வித்தை இங்கே எடுபடாது. சில மாடல்களில் ஸ்கேனர் போட்டு, 'இந்தக் காரில் சென்சார் இல்லை' என்று மீட்டருக்குச் சொல்லிவிட முடியும். அப்படிச் செய்தால் கார் விற்கிற வரைக்கும் டிப் ஸ்டிக்கை மறக்கக் கூடாது. வாங்குகிறவரிடமும் அதைச் சொல்ல வேண்டும். எத்தனை பேர் சொல்வார்கள்?

மெக்கானிக்கின் பிடிவாதத்துக்கு வேறு காரணமும் இருந்தது. பல வருடங்களுக்கு முன் அவர் வேலை பழகிய பட்டறையில், விளக்கு வயரை வெட்டி அனுப்பிய வண்டி ஒன்று கிராங்க் பிடித்துப்போய், கட்டி இழுத்துக்கொண்டு திரும்பி வந்ததாம். "வெட்டுனது நான்தான். எங்க முதலாளி சொன்னாரு, வெட்டுனேன்" என்றார். அதற்கு மேல் இளைஞர் வாதாடவில்லை.

சம்ப் மதுரைக்குத் திரும்பிப் போனது. இந்த முறை சேசிஸ் நம்பரைச் சொல்லி, சென்சார் ஓட்டை உள்ள சம்ப் கேட்டு வாங்கினார்கள். அதுவும் வெளி மார்க்கெட் சாமான்தான். அதில் தப்பு ஒன்றும் இல்லை, சரியான சாமானாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வந்து சேர மூன்று நாள் ஆனது. முகூர்த்த வாடகை போனது, வட்டி மட்டும் ஓடியது.

மாட்டும்போது மெக்கானிக் கவனித்தவை, இதே வேலையைச் செய்கிற மற்றவர்களுக்கும் உதவும்:

1. பழைய சம்ப்பையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆழம், சென்சார் உட்காரும் உயரம், உள்ளே இருக்கும் தடுப்புத் தகடு ஆகியவற்றை ஒப்பிட்டார். ஆழம் மாறினால் சென்சார் ஒன்று சொல்லும், டிப் ஸ்டிக் வேறு சொல்லும்.

2. சம்ப் உடைந்த அடியில் சென்சாரும் விரிந்திருக்கலாம். துணியால் துடைத்து, வெடிப்பு இருக்கிறதா, பிளக்குக்குள் ஆயில் ஏறியிருக்கிறதா என்று பார்த்தார். பெட்ரோலில் ஊற வைக்கவில்லை.

3. சென்சாருக்குப் புது சீல் போட்டார். பழைய சீலுக்குப் பசை தடவி ஒப்பேற்றவில்லை.

4. அந்தச் சின்ன போல்ட்டுகளுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். கை பலத்தைக் காட்டினால் அலுமினிய மரை போய்விடும். சரியான அளவு அந்தந்தக் காரின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும்.

5. சம்ப் விளிம்பில் சிலிக்கானை 2 அல்லது 3 மில்லிமீட்டர் தடிமனுக்கு மேல் வைக்கவில்லை. உள்பக்கம் பிதுங்கும் சிலிக்கான் பிய்ந்து போய் பம்ப்பின் சல்லடையை அடைக்கும். டியூபில் போட்டிருக்கும் நேரம் வரை காத்திருந்துதான் ஆயில் ஊற்றினார்.

6. ஸ்டார்ட் செய்ததும் சிவப்பு விளக்கு சில நொடிகளில் அணைகிறதா என்று பார்த்தார். பிறகு என்ஜினை நிறுத்தி, சமதளத்தில் சில நிமிடம் விட்டு டிப் ஸ்டிக்கால் அளந்தார்.

இவ்வளவும் செய்தவர் ஒன்றை மறந்தார். ஆயில் இறக்கும் ட்ரெய்ன் போல்ட்டைப் பழைய வாஷரோடு அப்படியே மாட்டிவிட்டார்.

ஒரு மாதம் கழித்து, நரிக்குடிப் பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு இரவில் கார் திரும்பிக்கொண்டிருந்தது. பின் சீட்டில் குழந்தையோடு ஒரு குடும்பம். திருச்சுழி வருவதற்குள் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஓரம் கட்டி டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தார். கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. துளித் துளியாக ஒரு மாதம் கசிந்திருக்கிறது. மெக்கானிக் சொன்னபடி டிக்கியில் அதே ரக ஆயில் ஒரு லிட்டர் வைத்திருந்தார். ஊற்றினார், ஊர் வந்து சேர்ந்தார். சிவப்பு விளக்கு எரியவே இல்லை.

மறுநாள் காலையில் பட்டறைக்குப் போய், "அண்ணே, உங்க வாஷர் ஒழுகுது" என்றார்.

மெக்கானிக் கீழே படுத்துப் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே, "என் தப்புதான் தம்பி. அன்னைக்கு நீ சொன்னபடி டேப் ஒட்டியிருந்தா, இது உனக்கும் தெரிஞ்சிருக்காது, எனக்கும் தெரிஞ்சிருக்காது" என்றார். புது வாஷருக்குக் காசு வாங்கவில்லை.

நல்ல வேலைக்காரரும் ஒன்றை மறப்பார். அன்றைக்குக் காட்டிக்கொடுக்க ஒரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சியை உட்கார வைக்க ஒரு ஓட்டை இருக்கிறதா என்று சம்ப் வாங்கும்போதே பார்த்துவிடுவது நல்லது.