இரண்டு கண்ணும் ஒரே பக்கம்

நாக்கு மீன் கருவாட்டை வெந்நீரில் ஊறப்போட்டால்தான் தோல் உரியும். மாத்தூரில் நாங்கள் சேர்ந்து எடுத்திருக்கும் அறையில் அது என் வேலை. ஷிஃப்ட் விடும் நேரத்துக்கு ஒரகடம் கூட்டுரோட்டில் வந்து நிற்கும் வண்டியில் வாங்குவோம். உடன் தங்கியிருக்கும் கண்ணூர்க்காரர் இதை ‘மாந்தள்’ என்பார். ஊரிலிருந்து தங்கம் வந்ததுபோல வாங்கிக்கொள்வார்.

உரிக்கும்போது பார்த்தால் விசித்திரமான உடம்பு. விரல் நீளம், தட்டையான சதை. மேலும் கீழுமாக ஓடும் துடுப்புகள் இரண்டும் வாலோடு ஒட்டிப்போயிருக்கும். வால் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. மார்புத் துடுப்பு கிடையாது. ஒரு பக்கம் செதிலோடு பழுப்பு, மறுபக்கம் வெள்ளை. மூக்கு வளைந்து கொக்கிபோல வாய்மேல் கவிழ்ந்திருக்கும். கடுகளவு கண் இரண்டு, இரண்டும் பழுப்புப் பக்கத்திலேயே, ஒட்டினாற்போல.

கார்க் கதவின் உள்பாகங்களைப் பரிசோதிப்பது என் பிழைப்பு. எல்ஹெச் என்றால் இடது, ஆர்ஹெச் என்றால் வலது. டிரே மாறினால் லைன் நிற்கும்; அப்புறம் சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்க முடியாது. அந்தப் பழக்கத்தில் கருவாட்டைத் தரையில் பரப்பி, ஒவ்வொன்றையும் நீந்தும் நிலையில் நிமிர்த்திப் பார்த்தேன். அத்தனையும் எல்ஹெச். இரண்டு கண்ணும் ஒரே பக்கம் வந்தது எப்போது, எப்படி ஆரம்பித்தது என்ற கேள்வி அன்றைக்குப் பிடித்துக்கொண்டது.

“இங்கயே தோண்டிப் பாருங்கண்ணே, இது கடலா இருந்த எடம்” என்றான் அறையில் இருந்த டிப்ளமோ பையன். அவன் சொன்னதில் பாதி நிஜம். எங்கள் தொழிற்சாலைகள் நிற்கும் வட்டாரத்துக்கு அடியில் இருக்கும் களிப்பாறைக்கு நிலவியலில் ஸ்ரீபெரும்புதூர் படிவம் என்றே பெயர். நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் 19ஆம் நூற்றாண்டிலேயே அதைப் பற்றி எழுதிவிட்டார். செடிகளின் இலைப் பதிவுகளும் கடல் சிப்பிகளும் அதில் கிடைத்திருக்கின்றன. ஆனால் அதன் வயது 10 கோடி ஆண்டுக்கு மேல். நாக்கு மீனை உள்ளிட்ட தட்டை மீன்களின் மிகப் பழைய தடயமே ஏறத்தாழ 5 கோடி ஆண்டுக்கு முந்தையதுதான். எனவே இந்த சிப்காட் தொழிற்பேட்டையைத் தோண்டிப் பயனில்லை.

மீன் இன்றைக்கு எங்கே இருக்கிறதோ அங்கிருந்து போவதுதான் வழி. கரையோரத்து மணலும் சேறும் கலந்த ஆழமில்லாத தரை, கழிமுகம், பழவேற்காடு மாதிரி உப்பங்கழி, இவைதான் நாக்கு மீனின் இடம். வெள்ளைப் பக்கத்தைக் கீழே வைத்துப் படுத்து, துடுப்பை அலைத்து மேலே மண்ணைத் தூவிக்கொள்ளும். கண் மட்டும் வெளியே தெரியும். புழுவும் சின்ன இறால் வகைகளும் இரை. தரையை அரித்துவரும் இழுவலைக்கு இது தப்பாது. பெரிசு குழம்புக்கு, சிறிசு கருவாட்டுக்கு, அதற்கும் ஆகாதது கோழித்தீவனத்துக்கு.

குஞ்சாக இருக்கும்போது இப்படி இல்லை. தலைக்கு இரு பக்கமும் ஒவ்வொரு கண்ணோடு மற்ற மீன்களைப் போலவே நிமிர்ந்து நீந்தும். ஒரு சென்டிமீட்டரைத் தொடும் பருவத்தில் தைராய்டு சுரப்பு கூடி, மண்டை எலும்பு திருகிக்கொள்ள ஆரம்பிக்கும். வலக்கண் நகர்ந்து இடப்பக்கம் வந்து சேரும். அதன் பிறகுதான் தரைக்கு இறங்கும்.

1871இல் மைவார்ட் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் டார்வினை மடக்கியது இதை வைத்துத்தான். கொஞ்சம் கொஞ்சமாக மாறியது என்கிறீர்களே, பாதி தூரம் நகர்ந்த கண்ணால் யாருக்கு என்ன லாபம்? அது இன்னும் கீழ்ப்பக்கத்தில் மண்ணைத்தானே பார்த்துக்கொண்டிருக்கும்? நியாயமான கேள்வி. அடுத்த ஆண்டு வந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் ஆறாம் பதிப்பில் டார்வின் பதில் சொன்னார்: படுத்துக் கிடக்கும் குஞ்சு கீழ்க்கண்ணை மேலே திருப்பித் திருப்பிப் பார்க்கும், அந்தப் பழக்கம் பரம்பரைக்கு இறங்கியிருக்கும் என்று. எனக்கு அது சமாளிப்பாகத்தான் படுகிறது. பின்னால் மரபியலாளர் கோல்ட்ஷ்மிட் போன்றவர்கள், ஒரே தாவலில் வந்திருக்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்தார்கள்.

பதில் அருங்காட்சியக இழுப்பறையில் கிடந்தது. இத்தாலியில் வெரோனாவுக்குப் பக்கத்து மலையான மோன்டே போல்காவில் எடுத்த மீன் புதைபடிவங்களை மேட் ஃப்ரீட்மேன் என்ற ஆராய்ச்சி மாணவர் மறுபடி எடுத்துப் பார்த்தார். சிலவற்றை ஸ்கேன் செய்தார். 2008இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். ஆம்ஃபிஸ்டியம், ஹெட்டெரோனெக்டீஸ் என்ற இரண்டு வகையிலும் ஒரு கண் மேலேறியிருந்தது. ஆனால் உச்சியைத் தாண்டவில்லை. முழுதாக வளர்ந்த மீனிலேயே அப்படி. துடுப்புகளை ஊன்றி உடம்பைச் சற்றே தூக்கினால் பாதிக் கண்ணுக்கும் வேலை உண்டு என்பது அவர் ஊகம். மைவார்ட் இல்லை என்று சாதித்த பாதி வழி மீன் இதுதான்.

இத்தாலிக்கு நான் எங்கே போவது? ஆனால் தேடிக்கொண்டு போனதில் இன்னொரு பெயர் வந்தது: செட்டோடெஸ் எருமெய். நம் எருமை நாக்கு! பெர்லின் மருத்துவர் மார்க்குஸ் புளோக் எழுதி, அவர் இறந்தபின் ஷ்னைடர் முடித்து 1801இல் வெளியிட்ட நூலில், தரங்கம்பாடியிலிருந்து போன மீனை வைத்து அதை விவரித்திருக்கிறார்கள். டேனிஷ்காரர்கள் ஆண்ட காலம் அது. அங்கிருந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற மிஷனரி புளோக்குக்கு மீன்களை அனுப்பிக்கொண்டிருந்தார். உயிரோடு இருக்கும் தட்டை மீன்களில் பழைய அமைப்பு அதிகம் தங்கியிருப்பது இந்த மீனின் குடும்பத்தில்தான்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போக ஆரம்பித்ததும் காசிமேட்டுக்குப் போனேன். கூறுகட்டிய தட்டில் எருமை நாக்கு கிடந்தது. நாக்கு மீனைவிடப் பல மடங்கு பெரிசு, கனத்த உடம்பு, பெரிய வாய், கூரான பல். முதுகுத் துடுப்பு தலையில் ஏறாமல் கண்ணுக்குப் பின்னாலேயே நின்றுவிடுகிறது. இடம் மாறிய கண் தலையின் விளிம்பில், மேட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. விரலால் தொட்டுப் பார்த்தேன். அந்த இடத்தில் எலும்பு மேடு தட்டுப்பட்டது. பக்கத்து மீனைப் புரட்டினால் அதற்குக் கண் வலப்பக்கம். இந்த இனத்தில் இடமும் வலமும் ஏறக்குறைய சரிபாதி என்று படித்தது நிஜம்தான். எங்கள் கம்பெனியாக இருந்தால் மொத்த டிரேயும் ரிஜெக்ட்.

“இன்னாப்பா, மீன் கண்ண நோண்டிகினே கீற? வாங்கறதுன்னா வாங்கு, இல்லாங்காட்டி நவுரு” என்றார் விற்ற அம்மா. வாங்கினேன்.

இந்த மீனை வைத்து ஆய்வாளர்களுக்குள் இன்னும் வழக்கு நடக்கிறது. எருமை நாக்குக் குடும்பம் தனியாகவும் மற்ற தட்டை மீன்கள் தனியாகவும் கண்ணை நகர்த்திக்கொண்டன என்று 2021இல் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட ஒரு குழு சொன்னது. இல்லை, எல்லாம் ஒரே மூலம்தான் என்று 2024இல் வேறொரு குழு மறுத்தது. கணக்கு எனக்கு எட்டாது. ஆனால் இத்தாலிப் படிவத்தின் படத்தையும் காசிமேட்டு மீனின் தலையையும் அடுத்தடுத்துப் பார்த்த பிறகு, நான் இரண்டாவது கட்சி.