அறுபதில் ஒன்று

கைக்குத் தெரிந்தது மூளைக்குத் தெரிவதில்லை என்பது பழைய சமாச்சாரம். கைக்கு அது எப்படித் தெரியவந்தது என்பதுதான் என் கேள்வி. இதைப்பற்றி நான் யோசிக்க நேர்ந்தது ஒரு சண்டை விளையாட்டின் மூலம். நண்பர்கள் சிரிக்கலாம்.

டெக்கன் 7. கம்ப்யூட்டருக்கு 2017-ல் வந்தது. அதில் கஸுயா என்ற பாத்திரத்துக்கு ஒரு குத்து உண்டு. முன்பக்கம் தட்டி, விட்டு, கீழே அமுக்கி, கீழ்-முன் மூலையைத் தொடும் அதே கணத்தில் வலக்கைப் பொத்தானை அழுத்த வேண்டும். திரை விநாடிக்கு 60 சட்டகங்களாக ஓடுகிறது. மூலையும் பொத்தானும் ஒரே சட்டகத்தில் விழுந்தால் முஷ்டியில் மின்னல் பாயும். எதிரி தடுத்தாலும் கை நம்முடையதே ஓங்கும். ஒரு சட்டகம் பிசகினால் குத்து வரும், மின்னல் வராது. தடுத்தவன் திருப்பி அடிப்பான். எழும்பியவன் தரையில் விழுமுன் இன்னொரு மின்னல், அதன்மேல் இன்னொன்று. இந்தத் தொடர் வசப்பட எனக்கு ஏழு மாதம் பிடித்தது.

தொடரடி என்பதே யாரும் திட்டமிட்டு உண்டாக்கியதல்ல. 1991-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 தயாரானபோது, காரை உடைக்கும் கட்டத்தைச் சோதித்த ஃபுனாமிஸு, ஓர் அடி முடியுமுன் இன்னொன்றைச் செருக முடிவதைக் கண்டார். இவ்வளவு நுட்பமான காலக்கணக்கு யாருக்கும் கைவராது என்று எண்ணி அதை அப்படியே விட்டுவைத்தார். கைவந்தது. அந்த வகை விளையாட்டு முழுக்கவே பிறகு அதன்மேல்தான் எழுந்தது.

கண் ஒன்றைப் பார்த்து விரல் அசைய ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு விநாடி ஆகிறது. அதாவது 12 சட்டகம். ஆகவே, ஒரு சட்டகத்துக்குள் பார்த்துச் செய்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. பார்ப்பதற்கு முன்பே செயல் புறப்பட்டிருக்க வேண்டும். சங்கீதத்தில் அதீத எடுப்பு என்கிறார்களே, தாளம் விழுமுன் பாட்டு தொடங்கிவிடுகிற மாதிரி.

விருத்தாசலம் என்றால் இலக்கியக்காரர்களுக்குப் புதுமைப்பித்தனின் இயற்பெயர் ஞாபகம் வரும். எங்களுக்குப் பீங்கான். அப்பா ஒரு பட்டறையில் அச்சு வார்ப்பவர். பிளாஸ்டர் அச்சில் களிமண் கரைசலை ஊற்றினால் அச்சு நீரை உறிஞ்சும். ஓரத்தில் மண் சுவராகப் படியும். சுவர் போதுமான கனம் ஆனதும் மிச்சத்தைக் கவிழ்த்துவிட வேண்டும். முந்தினால் பொம்மை நெளியும். பிந்தினால் கனத்துப்போகும். மழைக்காலத்தில் அச்சே ஈரம் கோத்திருக்கும், கணக்கு மாறிவிடும். அப்பா கடிகாரம் பார்த்து நான் கண்டதில்லை. கேட்டால், "அதுவே சொல்லும்டா" என்பார்.

பட்டறை மூடியபின் அவர் வீட்டில் இருந்தார். நான் ஆடுவதைப் பின்னாலிருந்து பல நாள் பார்த்துவிட்டு ஒருநாள், "நீ எண்ணிக்கிட்டே இருக்கே. அதான் வரல" என்றார். அவர் சொன்னவுடன் மின்னல் வந்துவிடவில்லை. மேலும் இரண்டு மாதம் ஆயிற்று. வந்தபோது நான் எண்ணிக்கொண்டிருக்கவில்லை என்பது மட்டும் உண்மை.

ஆனாலும் அவர் சொன்னதை நான் முழுக்க ஏற்கவில்லை. எண்ணாமலே இருப்பது வேறு, எண்ணி எண்ணி எண்ணிக்கையை உதிர்த்துவிடுவது வேறு. அவரும் பதினெட்டு வயதில் மேஸ்திரி பக்கத்தில் நின்று எண்ணித்தான் இருக்க வேண்டும். புதுக்கவிதை விவகாரத்திலும் இந்தக் குழப்பம் இருக்கிறது. 1959-ல் 'எழுத்து' தொடங்கியபோது அதில் எழுதியவர்களில் பலர் யாப்பை எண்ணி, பின் விட்டவர்கள். வரியை எங்கே முறிப்பது என்பது அவர்கள் காதுக்குள் இருந்தது. பின்னால் வந்தவர்களில் பலர் எண்ணவே இல்லை. விட்டுவிட அவர்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. முறிக்கிறார்கள், மின்னல் இல்லை. குத்து மட்டும் வருகிறது.

விளையாட்டில் ஒவ்வொரு அசைவுக்கும் எத்தனை சட்டகம் என்று அட்டவணை இருக்கிறது. எந்த ஊர்ப் பையனும் அதை வைத்துத் தொடங்கலாம். அப்பாவின் கைக்கு அப்படி ஓர் அட்டவணை கிடையாது. 2021-ல் அவர் இறந்துபோனார். அவருடைய அச்சுகளில் நான்கு பரணில் இருக்கின்றன. கரைசல் இந்த ஊரில் கிடைக்கும். ஊற்றிவிட்டு எப்போது கவிழ்ப்பது என்பதை நான் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும்.